எட்டாவது இழுப்பறை

எகிப்து நாடே எதிர்பார்த்துக் காத்திருந்த ஒரு கல்யாண ஊர்வலம் நடக்காமல் போனதற்கு லுத்ஃபிதான் காரணம். வேண்டுமென்று செய்யவில்லை. அவன் வேண்டுமென்று செய்த காரியம் எதுவும் இவ்வளவு கச்சிதமாக முடிந்ததும் இல்லை.

ரமலான் மாதத்துத் தொலைக்காட்சித் தொடர் அது. முப்பது நாளைக்கு முப்பது பாகம். பன்னிரண்டாம் பாகத்தில் கதாநாயகி வெள்ளை உடுப்பில், ஏழு அத்தைமார் குலவையிட, பிறந்த வீட்டுப் படியிறங்கினாள். நெய் விளம்பரம் வந்தது. விளம்பரம் முடிந்து பார்த்தால் அவள் புருஷன் வீட்டில் தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். இடையில் வந்திருக்க வேண்டிய மேளம், ஊர்வலம், மாப்பிள்ளையின் தம்பி நடுத்தெருவில் போடும் சண்டை எதுவுமே இல்லை. நோன்பு திறந்து, வயிறு நிறைந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்த கெய்ரோ மக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

லுத்ஃபியின் மாமியார் அன்றிரவே போன் செய்துவிட்டார்.

"ஊர்வலத்தை எங்கடா ஒளிச்சு வச்சிருக்கானுங்க? நீ கம்ப்யூட்டர் வேலைதானே பாக்கற? யாரையாச்சும் கேட்டுச் சொல்லு."

"விசாரிக்கிறேன் அத்தை" என்று சொல்லிவிட்டு லுத்ஃபி இன்னொரு கதாயிஃப் இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். செத்தவன் வீட்டுப் பந்தியில் கொன்றவன் சாப்பிட்ட கதைதான். ஆனால் கொன்றது தான்தான் என்று அவனுக்கு அப்போது தெரியாது.

மறுநாள் அலுவலகத்தில் மேலாளர் ஷிஹாப் கதவைச் சாத்திக்கொண்டு விஷயத்தைச் சொன்னான்.

லுத்ஃபியின் கம்பெனி சேமிப்பு அலமாரிகள் செய்கிறது. அலமாரி என்றால் துணி வைக்கிற அலமாரி இல்லை. பன்னிரண்டு இழுப்பறை, ஒவ்வொன்றிலும் ஒரு டிஸ்க், உள்ளே படம், பாட்டு, கணக்கு என்று எது வேண்டுமானாலும் வைக்கலாம். பன்னிரண்டில் ஒன்று செத்தால் மீதிப் பதினொன்றும் சேர்ந்து சமாளித்துவிடும். இரண்டு போனால் அலமாரி வாயை மூடிக்கொள்ளும். அக்டோபர் நகரில் ஹாஜி பயூமி என்பவர் நடத்தும் படத்தொகுப்புக் கூடத்தில் அப்படி ஓர் அலமாரி இருந்தது. அந்தத் தொடரின் படச்சுருள் முழுக்க அதில்தான். சுருள் என்று இப்போது எதுவும் கிடையாது, சொல்லிப் பழகிவிட்டது.

மூன்று நாள் முன்பு ஓர் இழுப்பறையில் டிஸ்க் கெட்டது. அதை உருவி மாற்ற வேண்டும். அலமாரியைப் பார்த்துக்கொள்ளும் மதாம் இனாயாத், கெட்டதை விட்டுவிட்டு நல்லதை உருவிவிட்டார். ஒன்று ஏற்கெனவே செத்தது, இன்னொன்று கையில். அலமாரி வாயை மூடிக்கொண்டது. சரியாக அந்த நேரத்தில்தான் கல்யாண ஊர்வலம் கேமராவிலிருந்து அலமாரிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. உருவியதைத் திரும்பச் செருகியதும் மற்றதெல்லாம் எழுந்து வந்தது, ஊர்வலம் மட்டும் வரவில்லை. மாலைப் படப்பிடிப்புக்கு வேண்டுமென்று கேமராவில் இருந்ததையும் அழித்திருந்தார்கள். மறுபடி எடுக்கலாமென்றால், கதாநாயகி அடுத்த படத்துக்காகத் தலையை ஒட்ட வெட்டிக்கொண்டு பெய்ரூட்டுக்குப் பறந்துவிட்டாள்.

"நம்ம பக்கம் தப்பே இல்ல பாஷா" என்றான் ஷிஹாப். "நம்ம ஸ்கிரீன் ஏழுன்னு சொல்லியிருக்கு. கெட்டதும் ஏழுதான். அந்தம்மா எட்டை உருவியிருக்காங்க. மனிதத் தவறுன்னு அறிக்கை எழுதியாச்சு. நீ போயி அந்தம்மாகிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிட்டு வந்துடு."

"அவங்களுக்கு ஒண்ணும் ஆகாதே?"

"ஹாஜி இன்னிக்குச் சாயங்காலப் பாங்குக்குள்ள வேலையை விட்டு அனுப்பிடுவேங்கறாரு. ஓய்வூதியத்துக்கு ஒண்ணே கால் வருஷந்தான் பாக்கியாம், பாவம். என்ன செய்ய? ஏழுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியலன்னா?"

லுத்ஃபிக்கு அந்த அம்மாளுக்காக மனம் கஷ்டப்பட்டது. கூடவே, மறைக்காமல் சொன்னால், கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. ஏனென்றால் அந்த "ஏழு" அவன் போட்ட ஏழு.

கம்பெனியில் அவன் வேலையே அதுதான். அலமாரிக்குப் பொறுப்பானவர் விசைப்பலகையில் "நிலை" என்று ஒரு கட்டளை தட்டினால், உள்ளே யார் நலம், யார் நலமில்லை என்று வரிவரியாக வருமே, அந்த வரிகளை எழுதுகிறவன். அலமாரி செய்கிறவர்கள் பெரிய மூளைக்காரர்கள். அலமாரிக்காகப் பேசுகிறவன் லுத்ஃபி. பதினோரு வருடமாக அவன் பேசியதெல்லாம் அலமாரியின் பெயரில்தான். வீட்டில் அவ்வளவுகூடப் பேசியதில்லை.

கம்ப்யூட்டர்க்காரர்கள் எண்ணத் தொடங்கினால் பூஜ்யத்திலிருந்து தொடங்குவார்கள். மற்ற மனிதர்கள் ஒன்றிலிருந்து. இழுப்பறைகளின் நெற்றியில் ஒன்று முதல் பன்னிரண்டு வரை ஒட்டியிருக்க, லுத்ஃபியின் வரிகள் நாலு வருடமாகப் பூஜ்யம் முதல் பதினொன்று வரை சொல்லிக்கொண்டிருந்தன. போன மாதம் ஒரு நாள் குளித்துக்கொண்டிருக்கும்போது அவனுக்கு ஞானம் பிறந்தது. இதென்ன அநியாயம், நெற்றியில் இருப்பதும் திரையில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டாமா? அன்றே மாற்றிவிட்டான். மாற்றம் கம்பிவழி எல்லா அலமாரிக்கும் போய்ச் சேர்ந்தது. நல்ல காரியம் செய்த களிப்பில் அன்று அலுவலகத்தில் எல்லோருக்கும் கரும்புச்சாறு வாங்கிக் கொடுத்தான்.

ஆக, திரை சரியாகச் சொல்லியிருக்கிறது. அந்த அம்மாள்தான், பாவம். குற்ற உணர்ச்சி என்று சொல்ல முடியாத ஏதோ ஒன்றுக்காக வழியில் ஒரு கிலோ கதாயிஃப் வாங்கிக்கொண்டு லுத்ஃபி அக்டோபர் நகருக்குப் போனான். பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. காலையிலிருந்து தேநீர் இல்லாத தலை விண்விண் என்றது.

அலமாரி இருக்கும் அறைதான் அந்தக் கட்டடத்திலேயே குளிர்ந்த இடம். ரமலான் பிற்பகல்களில் ஒளிப்பதிவாளர்களும் ஒப்பனைக்காரர்களும் அங்கே சுவரில் சாய்ந்து தூங்குவார்களாம். அன்று யாரும் இல்லை. வேலை போகப்போகிறவர் இருக்கும் அறையில் யாருக்குத் தூக்கம் வரும்? மதாம் இனாயாத் மட்டும் கம்பளிச் சால்வை போர்த்தி, கழுத்துக் கயிற்றில் மூக்குக்கண்ணாடி தொங்க, நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசைமேல் ஒரு புது டிஸ்க், பெட்டி பிரிக்காமல். கெட்டது இன்னும் அலமாரிக்குள்ளேயே இருந்தது. மூன்று நாளாக அதைத் தொட யாருக்கும் துணிச்சல் வரவில்லை.

"வாங்க பாஷ்முஹந்திஸ், ரமலான் கரீம்" என்றார். இந்த ஊரில் ஒரு ஸ்குரூ டிரைவரைப் பிடிக்கத் தெரிந்த எல்லோருமே தலைமைப் பொறியாளர்தான்.

"எப்படி இருக்கீங்க மதாம்?"

"அல்ஹம்துலில்லாஹ். மல்லிகைப்பூ மாதிரி இருக்கேன்."

இன்னும் மூன்று மணி நேரத்தில் பாங்கு சொல்லும். சொல்வதற்குள் வேலை போய்விடும். மல்லிகைப்பூ மாதிரி. லுத்ஃபி ஆச்சரியப்படவில்லை. அவன் மைத்துனன் மாடிப்படியில் உருண்டு இரண்டு காலும் மாவுக்கட்டில் தொங்கியபோது, எப்படி இருக்கிறாய் என்று கேட்டதற்கு இதே மல்லிகைப்பூவைத்தான் நீட்டினான். கேட்டவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்பது அவர்கள் ஊர் நாகரிகம். லுத்ஃபியும் அதிலேயே ஊறி வளர்ந்தவன்.

அறிக்கையை எடுத்து நீட்டினான். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு முழுவதும் படித்தார். பேனாவைத் திறந்தார்.

"எங்க போடணும்?"

"படிச்சீங்கல்ல?"

"படிச்சேன். சரியாத்தானே எழுதியிருக்கு. எட்டை உருவினது நான்தானே."

சண்டை போடுவார் என்று எதிர்பார்த்து, அதற்கான ஆறுதல் வார்த்தைகளைப் பாலத்தில் நிற்கும்போதே தயாரித்து வைத்திருந்தான். அவை வீணாகப் போயின. வெறும் ஆவலில்தான் கேட்டான்:

"ஒண்ணு கேக்கலாமா மதாம்? ஸ்கிரீன் ஏழுன்னுதானே சொல்லுச்சு?"

"ஏழுன்னுதான் சொல்லுச்சு."

"ஏழுன்னா ஏழைத்தானே உருவணும்?"

பால்குடி மறக்காத பிள்ளையைப் பார்ப்பதுபோல அவர் அவனைப் பார்த்தார். "ஏழுன்னா எட்டுங்க. நாலு வருஷமா அப்படித்தானே?"

எழுந்து அலமாரிக் கதவைத் திறந்தார். கதவின் உட்பக்கம், மருந்துச் சீட்டு ஒட்டுவதுபோல ஒரு தாளை நாலு மூலையும் பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தார். பென்சிலில், குண்டுகுண்டான கையெழுத்தில் இப்படி இருந்தது:

ஓகே: நல்லாயிருக்கு.
நார்மல்: நல்லாயிருக்கு.
ஹெல்தி: நல்லாயிருக்கு.
ஆப்டிமல்: நல்லாயிருக்கு, அவ்வளவுதான், ரொம்ப ஒண்ணும் இல்ல.
ஆன்லைன்: இருக்கு. நல்லாயிருக்கான்னு தெரியாது.
குட்: எழுந்து போய்ப் பார்.
எண் வந்தால்: ஒன்று கூட்டு.

கடைசி வரிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு.

லுத்ஃபி அதைப் படித்தான். மறுபடி படித்தான். அந்த ஆறு வார்த்தைகளும் அவன் எழுதியவை. பெரும்பாலும் ஒரே விஷயத்துக்காகத்தான் எழுதினான். டிஸ்க்குக்கு எழுதிய நாளில் "ஓகே" தோன்றியது. மின்விசிறிக்கு எழுதிய நாளில் "நார்மல்". மின்சாரப் பகுதிக்கு எழுதியபோது மூத்த மகள் பிறந்திருந்தாள், ஆஸ்பத்திரி நினைப்பில் "ஹெல்தி". "ஆப்டிமல்" ஓர் அமெரிக்க விளம்பரத்தில் பார்த்தது. அப்போதெல்லாம் அதைச் சொல்வளம் என்றுதான் நினைத்திருந்தான்.

"குட்டுன்னு வந்தா ஏன் எழுந்து போய்ப் பாக்கணும்?"

"காரணமெல்லாம் தெரியாதுங்க. ஆனா குட்டுன்னு வந்த ரெண்டு தடவையும் மறுநாளே செத்துப்போச்சு."

லுத்ஃபிக்குக் காரணம் தெரியும். "கடைசியாகப் பார்த்தபோது நல்லாத்தான் இருந்தது, இப்போது பதில் வரவில்லை" என்ற நிலைக்கு அவன் வைத்த பெயர் அது. பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றி யாராவது கேட்டால் சொல்வோமே, "நல்ல மனுஷன்" என்று, அந்த மாதிரி.

"இதையெல்லாம் ஏன் மதாம் என்கிட்ட சொல்லல? வருஷா வருஷம் கருத்துக் கேட்டுப் படிவம் அனுப்பினேனே?"

"நான்தான் நிரப்பி அனுப்பிச்சேனே."

"அஞ்சுக்கு அஞ்சு போட்டிருந்தீங்க! நான் அதைப் பிரின்ட் எடுத்து என் மேசைக்கு மேல ஒட்டி வச்சிருக்கேன்!"

"பின்ன?" அவருக்கே வருத்தமாகிவிட்டது. "கீழ உங்க பேரு போட்டிருந்துச்சுங்க. ஒரு மனுஷன் ராத்திரி பகலா உக்காந்து எழுதினதுக்கு எப்படி மூணுன்னு போடறது? நம்ம வீட்டுக்கு ஒருத்தர் சமைச்சுக் குடுத்தா உப்பு இல்லன்னா சொல்வோம்?"

லுத்ஃபி அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்துவிட்டான். அவன் தலைக்குள் மெதுவாக ஒரு கணக்கு ஓடியது. நாலு வருடமாகத் திரை ஒன்று குறைத்துச் சொன்னது. இவர் ஒன்று கூட்டிக்கொண்டார். இரண்டும் சேர்ந்து ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. போன மாதம் குளியலறையில் ஞானம் பிறந்த ஒருவன் திரையைத் திருத்திவிட்டான். திரை தன் பிறப்பில் முதல்முறையாக உண்மையைச் சொன்னது. அந்தப் பழக்கம் அதற்கு இருக்கும் என்று யாருமே எதிர்பார்க்கவில்லை.

"மதாம்" என்றான். "போன மாசம் நான் அதை மாத்திட்டேன்."

"எதை?"

"எண்ணை. இப்ப ஏழுன்னா ஏழுதான்."

மின்விசிறிகள் இரைந்தன. எல்லாம் நார்மல்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"அறிவிப்பு அனுப்பினோமே..."

"வந்துச்சு. 'சிறு மேம்பாடுகள்'னு போட்டிருந்துச்சு. மேம்பாடுன்னா நல்லதுதானேன்னு சந்தோஷப்பட்டேன்."

அந்தச் சொல்லும் லுத்ஃபியினுடையதுதான். அறிவிப்பில் நாற்பத்து மூன்றாவது வரி. கரும்புச்சாறு வாங்கப் போகும் அவசரத்தில் எழுதியது.

போன் அடித்தது. ஷிஹாப்.

"வாங்கிட்டியா?"

"ஷிஹாப், இங்க ஒரு சின்னச் சிக்கல். அந்த எண்ணை நாமதான்... அதாவது அந்த எண் வந்து..."

"எண் சரியாத்தானே வந்துச்சு?"

"சரியா வந்ததுதான் பிரச்சனையே."

"வெயில்ல போயிட்டு வந்து தலை சுத்துதா உனக்கு? இதப் பாரு பாஷா, ஹாஜி அடுத்த மாசம் ரெண்டு அலமாரி வாங்கறாரு. நம்ம தப்புன்னு ஒரு வார்த்தை எழுத்துல போச்சுன்னா ரெண்டும் போச்சு, கூட நீயும் போயிடுவ. கையெழுத்து வாங்கிட்டு வா. சரியா?"

"இன்ஷா அல்லாஹ்" என்றான் லுத்ஃபி. ஆண்டவன் நாடினால் என்று உண்மையாகவே சொல்கிறவர்கள் உண்டு. லுத்ஃபி சொன்னது மற்ற வகை. அவன் எழுதிய "குட்" போல.

போனை வைத்துவிட்டு அறிக்கையைத் திருப்பி, பின்பக்கத்தில் எழுத ஆரம்பித்தான். "எண்முறையில் ஒரு பொருத்தமின்மை காணப்பட்டிருக்கக்கூடும் எனக் கருத இடமுண்டு." படித்துப் பார்த்தான். கம்பீரமாக இருந்தது. அடித்தான். "மேம்படுத்தப்பட்ட எண்முறை குறித்த தகவல் உரிய அளவில் சென்றடையாமை நிகழ்ந்துள்ளது."

மதாம் இனாயாத் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "இதுல யாருங்க என்ன செஞ்சாங்க?"

கேட்டது குத்திக்காட்ட இல்லை. நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாக இறங்கியது. பதினோரு வருடமாக அவன் எழுதிய வரிகளில் எதிலாவது யாராவது எதையாவது செய்திருக்கிறார்களா என்று லுத்ஃபி யோசித்துப் பார்த்தான். எல்லாம் தானாகவே "நிகழ்ந்துள்ளது". தானாகவே "காணப்பட்டது". எவனோ ஒருவன் எங்கோ உட்கார்ந்து மல்லிகைப்பூ கட்டிக்கொண்டிருந்திருக்கிறான்.

அதையும் அடித்துவிட்டு மூன்றாவதாக எழுதினான்:

"திரையில் வரும் எண்ணைப் போன மாதம் மாற்றியவன் நான். அதை மதாம் இனாயாத்திடம் நான் சொல்லவில்லை. பழைய எண்ணுக்கு எது சரியோ அதைத்தான் அவர் செய்தார்."

கீழே பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டான். அந்தப் பெயர் இதுவரை மரியாதைக்கு ஐந்து மதிப்பெண் வாங்கிக்கொண்டிருந்த பெயர்.

ஹாஜி பயூமியின் அறை மாடியில். எழுபது வயது, கையில் தஸ்பீஹ் மணி, மேசையில் ஆறு போன், ஆறும் அணைத்து வைக்கப்பட்டிருந்தன. நாட்டில் பாதிப்பேர் ஊர்வலத்தைக் கேட்டு அவருக்குத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். தாளை வாங்கி, கையை நீட்டித் தூரத்தில் வைத்துக்கொண்டு படித்தார். மணி உருள்வது நின்றது.

"இது யாரு எழுதினது?"

"நான்தான் ஹாஜி."

"நீ யாரு?"

"எண்ணை மாத்தினவன்."

அவர் இன்னொரு முறை படித்தார். "உங்க கம்பெனிலேர்ந்து நாலு வருஷமா எனக்குக் கடுதாசி வந்துக்கிட்டு இருக்கு. எனக்குப் புரிஞ்ச மொதக் கடுதாசி இதுதான்." தாளைக் கீழே வைத்தார். "அப்ப, ஊர்வலம்?"

"அது போனது போனதுதான் ஹாஜி. திரும்ப வராது."

"என் சம்சாரம் நேத்து ராத்திரிலேர்ந்து என்கிட்ட பேசறதில்ல, தெரியுமா? அவ வீட்டுக் கல்யாணம்கூட இல்ல. மாவு பிசையறா, மாவைப் பார்த்துப் பேசறா." நீண்ட மூச்சு ஒன்று விட்டார். "உங்க ஷிஹாபுக்கு இது தெரியுமா?"

"இல்ல."

"தெரிஞ்சா உன்னை என்ன செய்வான்?"

லுத்ஃபி வழக்கம்போல மல்லிகைப்பூவுக்கு வாயைத் திறந்து, மூடிக்கொண்டான். "தெரியல ஹாஜி. பயமாத்தான் இருக்கு."

"ம்." மணி மறுபடி உருளத் தொடங்கியது. "கீழ போயி, அந்தக் கெட்டுப்போன சனியனை மாத்திட்டு, நோன்பு திறக்க நேரத்தோட வீட்டுக்குப் போகச் சொல்லு இனாயாத்தை."

"நாளைக்கு?"

"நாளைக்கு அது வரலன்னா இதை யாரு பாக்கறது? நீயா? உன்னை விட்டா எனக்கு மீதித் தொடரும் போயிடும்."

வேலை இருக்கிறது என்று அவர் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. லுத்ஃபி படியிறங்கிக்கொண்டே அந்த வாக்கியத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல செய்திதான் என்று கடைசிப் படியில்தான் உறுதிசெய்தான். அந்தக் கூடத்தில் தன் நிலையைச் சொல்லத் திணறியது அலமாரி மட்டுமல்ல.

மதாம் இனாயாத்திடம் சொன்னபோது அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். அவன் வந்ததும் சொன்ன அதே சொல்தான். ஆனால் கண்ணாடியைக் கழற்றிச் சால்வை நுனியால் வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார். லுத்ஃபி மின்விசிறிகளைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பாங்குக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அவன் மடிக்கணினியைத் திறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டான். ஆறு வார்த்தைகளில் ஐந்தைத் தூக்கி எறிந்தான். "ஹெல்தி"யை அழிக்கும்போது மட்டும் மகள் முகம் வந்து போனது. மீதி இரண்டே சொல்: ஓகே, பழுது. பதில் வரவில்லையென்றால் "பதில் இல்லை" என்றே எழுதினான், நல்ல மனுஷன் என்று எழுதவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அலமாரியின் நிலை அவன் திரையில் இப்படி வந்தது:

இழுப்பறை 7 (நெற்றியில் ஒட்டியுள்ள எண்): பழுது. இதை மாற்றவும்.
மற்ற பதினொன்றும்: ஓகே. தொட வேண்டாம்.

அவனுக்கே பிடித்திருந்தது. மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பினான்.

"எப்படி இருக்கு மதாம்?"

"அருமைங்க! உங்க கை நல்லா இருக்கணும் பாஷ்முஹந்திஸ். மல்லிகைப்பூ!"

லுத்ஃபி காத்திருந்தான். புது டிஸ்க் அவர் மடியில் இருந்தது. ஏழாம் இழுப்பறை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. கை சால்வைக்குள்ளேயே இருந்தது.

குட் என்று வந்தால் எழுந்து போய்ப் பார் என்று அவர் எழுதி வைத்தது இதற்குத்தான்போல.

"மதாம், நான் படிவம் எதுவும் கொண்டுவரல. கீழ என் பேரும் போடல. உப்பு இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க. வேலை போகாது, ஹாஜி சொல்லிட்டாரு. எனக்குத்தான் போகும், அது ஷிஹாப் கையில இருக்கு, உங்க கையில இல்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இதை நம்பி இப்ப நீங்க உருவுவீங்களா?"

அவர் அவனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். கதவின் உட்பக்கத்தில் இரண்டு சிவப்புக் கோடு போட்ட தாளைப் பார்த்தார். பிறகு டிஸ்க்கை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, தன் விசைப்பலகையில் வேறொரு கட்டளையைத் தட்டினார். "விவரம்". நாலு பக்கத்துக்கு வளவளவென்று வரும் என்பதால் யாரும் தொடாத கட்டளை. போன மாதம் எண்ணைத் திருத்தியபோது லுத்ஃபியே அதை மறந்திருந்தான். மூன்றாம் பக்கத்தில் அவர் விரல் நின்றது. கெட்ட டிஸ்க்கின் எதிரே கொட்டை எழுத்தில் "6" என்றிருந்தது.

"இல்ல" என்றார் மதாம் இனாயாத். "உருவ மாட்டேன். அதுல ஏழுங்கறீங்க, இதுல ஆறுங்கறீங்க. ரெண்டும் நீங்கதானே எழுதினது? முக்காலியை இப்படி இழுத்துப் போட்டு உக்காருங்க. இது மொத விஷயந்தான், இன்னும் நிறைய இருக்கு."